தெரியாம கலக்குற மாத்திரை: ஒரு மரபணுவோட கதை, கம்பம் பள்ளத்தாக்குல இருந்து

1/
வீட்டுக்காரருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்க, "குடியை மறக்கடிக்கிற மாத்திரை" எழுதித் தரச் சொல்லி வர்ற அக்காக்கள், அம்மாக்கள் நம்ம தேனிப் பக்கம் நிறைய. போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர்னு எந்த ஊர் டாக்டரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். "முடியாதும்மா"ன்னு ஒரே வார்த்தையில அனுப்பிட்டா, அவங்க வேற எங்கயாவது வாங்கிக் கலந்துடுவாங்க. அதனால ஏன் முடியாதுன்னு முழுசா சொல்றேன். நீளமான திரெட். பொறுமையா படிங்க.

2/
அந்த மாத்திரையோட பேரு டைசல்ஃபிராம். உடம்புக்குள்ள போய் அது முக்கியமா முடக்குறது ஒரு நொதியை. அந்த நொதியைச் செய்யும் மரபணுவுக்கு ஏ.எல்.டி.எச்.2 என்று பெயர். இந்தக் கதையில ஜப்பான் வரும், அமெரிக்க ரப்பர் ஆலை வரும், டென்மார்க் வரும், ராஜாஜியும் வருவார். ஆனா ஆரம்பம் நம்ம ஊர்தான். பெரியாறு அணை.

3/
1887-ல் தொடங்கி 1895-ல் முடிந்த வேலை. பென்னிகுயிக் பெயர் நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு மனப்பாடம். ஆனா அந்தக் காட்டுல செத்தவங்களைப் பத்தி நாம அதிகம் பேசுறதில்லை. நோயால் மட்டும் 483 பேர் இறந்தார்கள். அணைக்கு வடக்கே அவர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டமே இருக்கு. பெரிய எதிரி மலேரியா.

4/
அந்த வேலையைப் பத்திச் சொல்லப்படும் ஒரு விஷயம்: சாராயத்தோட "மருத்துவ குணம்" மட்டும் இல்லேன்னா அணையையே கட்டி முடிச்சிருக்க முடியாது! மலேரியாவைக் கொசு பரப்புதுன்னே அப்போ யாருக்கும் தெரியாது. ரொனால்ட் ராஸ் சிகந்தராபாத்துல கொசுவுக்குள்ள மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897-ல். அணை கட்டி முடிச்சு ரெண்டு வருஷம் கழிச்சு.

5/
சாராயம் மலேரியாக் கிருமியைக் கொல்லாது. குளிரையும் குறைக்காது. தோல் பக்கம் உள்ள ரத்தக் குழாயை விரிய வைக்கும், அதனால கதகதப்பா இருக்கிற மாதிரி தோணும். உண்மையில உடம்புச் சூடு வெளியே போயிட்டு இருக்கும். பயமும் வலியும் கொஞ்ச நேரம் மரத்துப் போகும். அவ்வளவுதான். ஆனா "மருந்து"ங்கிற பேர் ஒட்டிக்கிச்சு. ஏலத்தோட்டத்து வேலைக்கு மலையேறுறவங்க, "குளிருக்கு டாக்டர்", "உடம்பு வலிக்கு டாக்டர்"னு இன்னைக்கும் சொல்றது அதே பேச்சுதான்.

6/
சரி, உள்ளே போனதும் என்ன ஆகுது? வாய்க்காலை நினைச்சுக்கோங்க. ரெண்டு மதகு. மேல் மதகைத் திறக்கும் நொதி சாராயத்தை அசிட்டால்டிஹைடு என்ற பொருளா மாத்தும். அது விஷம். கீழ் மதகு அந்த விஷத்தை அசிட்டேட்டா மாத்தி வெளியே விடும். அசிட்டேட் பெரிய தொந்தரவு இல்லை, உடம்பு அதை எரிச்சுச் சக்தியாக்கிக்கும். அந்தக் கீழ் மதகுதான் ஏ.எல்.டி.எச்.2.

7/
மேல் மதகு திறந்திருந்து கீழ் மதகு அடைபட்டா? நடுவுல இருக்கிற வயல் முங்கும். அசிட்டால்டிஹைடு ரத்தத்துல தேங்கும். முகம் செக்கச்செவேல்னு ஆகும், தலை விண்விண்னு தெறிக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டிக்கிட்டு வாந்தி வரும், மூச்சு முட்டும், பிரஷர் சரியும். இந்த ஒரு வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. மிச்சக் கதை முழுக்க இதுதான்.

8/
இந்த நொதி கடைச் சரக்குக்காக உருவானது இல்லை. சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டத்துல பன்னீர்த் திராட்சை கனிஞ்சு உதிர்ந்து கிடந்தா, ரெண்டு நாள்ல புளிச்ச வாசம் வரும். அதுவே சாராயம்தான். பழம் தின்னும் எந்த உயிருக்கும் கொஞ்சம் சாராயம் உள்ளே போகும். நம்ம குடல்ல இருக்கிற கிருமிகளும் துளியூண்டு தயாரிக்கும். செல்லுக்குள்ள கொழுப்பு சிதையும்போது வர்ற வேற ஆல்டிஹைடு விஷங்களையும் இதே நொதிதான் சுத்தம் பண்ணுது. குடிக்காதவங்களுக்கும் இது தினமும் வேலை செய்யும்.

9/
வேலை செய்யும் இடம் மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் அறை. ஆனா மரபணு இருக்கிறது அங்கே இல்லை. செல்லின் உட்கருவில், 12-ஆவது குரோமோசோமில். அங்கிருந்து வரும் குறிப்பை வெச்சு 517 அமினோ அமிலங்கள் கோர்த்த ஒரு புரதம் தயாராகும். முதல் 17-ம் விலாசச் சீட்டு மாதிரி. "மைட்டோகாண்ட்ரியாவுல இறக்கவும்"னு அர்த்தம். உள்ளே இறங்கினதும் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, மிச்சம் 500-ஓட வேலையை ஆரம்பிக்கும்.

10/
இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது? 1972-ல் பீட்டர் உல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். ஜப்பான், தைவான், கொரியா வம்சாவளியினர் பலருக்குக் கொஞ்சம் சாராயம் பட்டாலே முகம் சிவக்குது, வெள்ளைக்காரர்களுக்கு அப்படி இல்லைன்னு. பச்சைக் குழந்தைகளிடமும் இதே வித்தியாசத்தைப் பார்த்தார். அப்படின்னா இது பழக்கத்தால வந்தது இல்லை, பிறவியிலேயே இருக்கு.

11/
1979-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்த மூணு பேர் காரணத்தை நெருங்கினார்கள்: கோடே, ஹராடா, அகர்வால். சிவக்கிறவங்களுக்குக் கீழ் மதகு நொதி வேலை செய்யலைன்னு சொன்னார்கள். இந்த நொதியைச் சோதிக்கக் கல்லீரலைக் குத்தி எடுக்க வேண்டியதில்லை, தலைமுடியோட வேரே போதும்னு காட்டினதும் இவங்கதான். 1984-ல் அமெரிக்காவில் அகிரா யோஷிடா குழு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது: 500 அமினோ அமிலங்களில் 487-ஆவது ஒண்ணு மட்டும் மாறியிருக்கு. குளுட்டமேட் இருக்க வேண்டிய இடத்தில் லைசின்.

12/
ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு பாதிப்பான்னு கேட்கலாம். இந்த நொதி தனியா வேலை செய்யாது. நாலு புரதம் சேர்ந்தாத்தான் ஒரு நொதி. நாலு பேர் தோள் குடுத்துத் தூக்கும் சப்பரம் மாதிரி. ஒருத்தர் கால் நொண்டினாலும் மத்த மூணு பேரும் தடுமாறுவாங்க. அதனால அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் பிழையான மரபணு வந்தாலே, நொதியின் வேகம் பாதிக்கும் கீழே போயிடும்.

13/
இப்பத்தான் சுவாரசியம். 1982-ல் ஹராடாவும் சகாக்களும் ஜப்பானில் எண்ணிப் பார்த்தார்கள். பொதுமக்களில் நூற்றுக்கு 40 பேர் அளவில் இந்தக் குறை இருந்தது. மதுவுக்கு அடிமையாகிச் சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 2 பேர் அளவில்தான். அதாவது இந்தப் பிழை ஒரு பிரேக். ஒரு கிளாஸ் குடிச்சாலே உடம்பு படாத பாடு படுறப்போ, தினம் குடிச்சு அடிமையாகுறது கஷ்டம்.

14/
அதை வரம்னு நினைச்சுடாதீங்க. பிரேக் இருந்தும், கூட்டாளிகளுக்காகவும் ஆபீஸ் விருந்துக்காகவும் தாங்கிக்கிட்டுக் குடிக்கிறவங்க அங்கே இருக்காங்க. அவங்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு பல மடங்கு அதிகம். குடியால் உண்டாகும் அசிட்டால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும்னு உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பட்டியலிலேயே சேர்த்திருக்கு. கிழக்கு ஆசியாவில் சுமார் 50 கோடிப் பேரிடம் இந்த மரபணு மாற்றம் இருக்கு.

15/
நம்மகிட்ட? தமிழ்நாட்டில் இந்த மாற்றம் மிக மிக அரிது. நம்ம கீழ் மதகு நல்லாத் திறந்தே இருக்கு. "எனக்கு எவ்வளவு குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது டாக்டர்"னு பெருமையா சொல்வாங்க பாருங்க, அதுக்கு இதுவும் ஒரு காரணம். உடம்பு ஆரம்பத்துலயே எச்சரிக்கை மணி அடிக்காது. மணி அடிக்கிறப்போ கல்லீரல் சுருங்கியிருக்கும், வயிறு வீங்கியிருக்கும். நாம குமுளி மலைப்பாதையில பிரேக் இல்லாம இறங்குற வண்டி.

16/
பிறவியில இல்லாத பிரேக்கைச் சட்டத்தால போட முடியுமான்னு பார்த்தார் ராஜாஜி. 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க. 1971-ல் எடுத்தார்கள், 1974-ல் மறுபடி போட்டார்கள், 1981-ல் மறுபடி எடுத்தார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது, 2003-ல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்த ஆரம்பித்தது. எந்தக் கட்சி சரி, எது தப்புங்கிற சண்டைக்கு நான் வரலை. இதுல ரெண்டு வருஷத்தை மட்டும் குறிச்சுக்கோங்க: 1937, 1948.

17/
அதே 1937-ல், அமெரிக்காவில் ஒரு ரப்பர் ரசாயன ஆலையின் டாக்டர், பெயர் வில்லியம்ஸ், மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். ரப்பரை உறுதியாக்கச் சேர்க்கும் தையூரம் என்ற கந்தகச் சேர்மத்தோட வேலை பார்க்கும் தொழிலாளிகளால் குடிக்கவே முடியலை. ஒரு பீர் குடிச்சாலும் முகம் சிவந்து படபடப்பு. பல பேர் குடியையே விட்டுட்டாங்க. குடிநோய்க்கு இதுவே மருந்தா இருக்குமோன்னு அவரே கேட்டிருந்தார். யாரும் பெருசா கண்டுக்கலை.

18/
1940-களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற ரெண்டு பேர், அதே குடும்பத்து ரசாயனமான டைசல்ஃபிராமை வயித்துப் பூச்சிக்கு மருந்தாக்க முடியுமான்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அந்தக் காலத்து வழக்கப்படி தாங்களே முதல்ல முழுங்கிப் பார்த்தாங்க. ஒண்ணும் ஆகலை. ஆனா சாப்பாட்டோட கொஞ்சம் மது எடுத்ததும் ரெண்டு பேருக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. பூச்சி மருந்து ஆராய்ச்சி குடி மருந்து ஆராய்ச்சியா மாறிப்போச்சு.

19/
மூச்சுக்காத்துல அசிட்டால்டிஹைடு எகிறுதுன்னு கண்டுபிடிச்சு, 1948-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். நம்ம மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்த அதே வருஷம். கிழக்கு ஆசியாவில் மரபணுவே அடைச்சு வெச்ச கீழ் மதகை இங்கே ஒரு மாத்திரை அடைக்குது. அதைத் துல்லியமா சொல்ல மருத்துவத்துக்கு இன்னும் 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. பூட்டு எதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே சாவி கிடைச்ச கதை.

20/
ஆரம்ப வருஷங்கள் நல்லா இல்லை. இப்போ வழக்கமா குடுக்கிறது ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம். அப்போ 1 கிராமுக்கு மேலகூடக் குடுத்தாங்க. பயம் மனசுல பதியணும்னு ஆஸ்பத்திரியிலேயே சாராயத்தையும் ஊத்திக் குடுத்துத் துடிக்க விட்டாங்க. சிலர் இறந்தே போனார்கள். அதுக்கப்புறம்தான் அளவு குறைஞ்சது, "துடிக்க வைக்கிற" முறையும் கைவிடப்பட்டது. டாக்டர் கண் முன்னாடி, ஆஸ்பத்திரிக் கட்டில்லயே உயிர் போயிருக்கு. இதை அடுத்து சொல்லப் போறதோட சேர்த்துப் படிங்க.

21/
இந்த மருந்து நொதியைப் பிடிச்சா விடாது. நொதியின் நடு மையத்துல, 302-ஆவது இடத்துல இருக்கிற சிஸ்டீன்தான் வேலை செய்யும் கை. மருந்து அந்தக் கையையே கட்டிப் போட்டுடும். அந்த நொதி அவ்வளவுதான். உடம்பு புதுசா தயாரிக்கணும். அதனால கடைசி மாத்திரை முழுங்கி ரெண்டு வாரம் வரைக்கும்கூடக் குடிச்சா ஆபத்து இருக்கு. "நேத்தே நிறுத்திட்டேன், இன்னிக்கு ஒண்ணும் ஆகாது"ங்கிற கணக்கு இங்கே செல்லாது.

22/
இப்போ குழம்புல கலக்குற விஷயத்துக்கு வருவோம். அந்த மனுஷனுக்கு மாத்திரை உள்ளே போனதே தெரியாது. வழக்கம்போல சாயங்காலம் குவார்ட்டர் அடிப்பார். அவருக்கு இதய அடைப்பு இருக்கான்னு யாரும் ஈ.சி.ஜி. எடுக்கலை. கல்லீரல் எப்படி இருக்குன்னு ரத்தம் சோதிக்கலை. ஏற்கெனவே மனநோய் இருந்தா இந்த மருந்து அதைக் கிளறிவிடும், அதையும் யாரும் கேட்கலை. பிரஷர் சரிஞ்சு, மாரடைப்போ வலிப்போ வந்து, ரோட்டோரத்துல விழுந்தா தூக்கக்கூட ஆள் இல்லை.

23/
பிழைச்சாரே வெச்சுக்கோங்க, அவர் என்ன நினைப்பார்? "சரக்கு சரியில்லை." அடுத்த நாள் வேற பிராண்ட். இல்லேன்னா "வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலை"ன்னு வெளியில சாப்பிடுவார். ஒரு நாள் உண்மை தெரிஞ்சா, அந்த வீட்டுல மனைவி வைக்கிற சோத்தை அவர் மறுபடி நம்ப மாட்டார். ஏற்கெனவே அடி வாங்குற பொண்ணுக்கு அந்த நாள் எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

24/
"ஆபத்துன்னாலும் குடி நிக்குமா இல்லையா?" நியாயமான கேள்வி. 2014-ல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தான் டைசல்ஃபிராம் சாப்பிடுறோம்னு தெரிஞ்சே சாப்பிட்டவர்களிடம் நல்ல பலன் இருந்தது. எது மருந்து, எது வெறும் மாத்திரைன்னு தெரியாமல் சாப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எளிது. இதுல வேலை செய்யுறது பாதி ரசாயனம், பாதி "குடிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்"ங்கிற அறிவு. தெரியாம குடுக்குறப்போ ஆபத்து முழுசா இருக்கு, பலன் மட்டும் போயிடுது.

25/
நம்ம நாட்டு உதாரணமும் இருக்கு. மும்பையில் டி சூசா என்ற மனநல மருத்துவர்கள் 100 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு, 2004-ல் வந்தது. பாதிப் பேருக்கு டைசல்ஃபிராம், பாதிப் பேருக்கு நால்ட்ரெக்சோன். ஒரு வருஷம் கழிச்சு டைசல்ஃபிராம் எடுத்தவர்களில் 86% பேர் மறுபடி குடியில் விழாமல் இருந்தார்கள், மற்றவர்களில் 44%. முக்கியமான விஷயம்: கூட இருந்து மாத்திரையைக் கவனிச்சுக் குடுக்க எல்லாருக்கும் வீட்டு ஆள் இருந்தார். சம்பந்தப்பட்டவருக்கும் எல்லாம் தெரியும்.

26/
குமுளிப் பாதையில ஓட்டுறவரே பிரேக் மிதிச்சா வண்டி நிக்கும். அவருக்குத் தெரியாம பின்சீட்டுல இருந்து ஒருத்தர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தா? அந்த வளைவுல வண்டி என்ன ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

27/
கலக்குற பெண்களைக் குத்தம் சொல்ல இதை எழுதலை. சம்பளம் முழுக்கக் கடைக்குப் போகுது, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் இல்லை, ராத்திரி அடி. நாலு தடவை "வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னு கூப்பிட்டு நாலு தடவையும் வராத மனுஷன். அந்த நிலைமையில கையில கிடைச்சதைப் பிடிச்சுக்கிறாங்க. அவங்க பதற்றத்தைக் காசாக்குற "மணமில்லாதது, சுவையில்லாதது, சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" பொடி விளம்பரங்கள் மேலதான் எனக்குக் கோபம். லேபிள் இல்லாத பொடிக்குள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு வாங்குறவங்களுக்குத் தெரியாது.

28/
ஏற்கெனவே கலந்து குடுத்துட்டு இருக்கீங்களா? இன்னைக்கே நிறுத்துங்க. நிறுத்தினாலும் ரெண்டு வாரம் ஆபத்து இருக்குன்னு சொன்னேன் இல்லையா, அதனால நேரா ஒரு டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லி, அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னும் கேளுங்க. குடிச்சதும் முகம் சிவந்து, மூச்சு வாங்கி, மயங்கினா 108. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மோர், எலுமிச்சைன்னு எதையும் வாயில ஊத்தாதீங்க.

29/
அவசரப் பிரிவுல டூட்டி டாக்டர்கிட்ட "இந்த மாத்திரை கலந்தோம்"னு வாயைத் திறந்து சொல்லுங்க. இது ரொம்ப முக்கியம். கள்ளக்குறிச்சியில 2024-ல் நடந்த மெத்தனால் சாவுகளுக்குப் பிறகு, குடிச்சுட்டு இப்படி வர்ற யாரைப் பார்த்தாலும் எங்களுக்குக் கள்ளச்சாராயச் சந்தேகமும் வரும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற. நீங்க சொல்ற அந்த ஒரு வார்த்தைதான் அவருக்குச் சரியான வைத்தியம் சீக்கிரம் கிடைக்க வழி.

30/
சரியான வழி என்ன? முதல்ல, வருஷக்கணக்கா தினம் குடிச்சவரை வீட்டுல அடைச்சு வெச்சுத் திடீர்னு நிறுத்த வைக்காதீங்க. ரெண்டு மூணு நாள்ல கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியறதுன்னு போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில தூக்கத்துக்கும் நடுக்கத்துக்கும் மருந்து குடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டு இறக்குவாங்க. அப்புறம்தான் மறுபடி குடிக்காம இருக்க மருந்து.

31/
அதுல டைசல்ஃபிராம் ஒண்ணு மட்டும்தான். குடிக்கிற ஆசையையே குறைக்கிற நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவையும் இருக்கு. யாருக்கு எது பொருந்தும்னு டாக்டர் பார்த்துச் சொல்வார். டைசல்ஃபிராம்னா, அவரே சம்மதிக்கணும், கையெழுத்து போடணும், கடைசியாக் குடிச்சு ஒரு நாளாவது தாண்டியிருக்கணும். தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்கள், சில இருமல் டானிக், மவுத்வாஷ்ல இருக்கிற சாராயத்தைக்கூடத் தவிர்க்கணும்.

32/
குடும்பத்தையும் சேர்த்துத்தான் வைத்தியம்கிறதுக்குத் தமிழ்நாட்டுலயே முன்னோடி இருக்கு. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். குடிக்கிறவருக்கு மட்டுமில்லை, கூட வாழ்றவங்களுக்கும் அங்கே ஆலோசனை உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்க மட்டும் முதல்ல போகலாம். நிறைய வீடுகள்ல மாற்றம் அப்படித்தான் ஆரம்பிக்குது.

33/
நம்ம மாவட்டத்துக்கு: க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மனநலப் பிரிவுன்னதும் "அவரு என்ன பைத்தியமா?"ன்னு கேட்காதீங்க, குடிநோய்க்கு வைத்தியம் பார்க்கிற இடமே அதுதான். போக முடியலேன்னா 14416, டெலி மானஸ். தமிழ்லயே பேசலாம், காசு இல்லை, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

34/
அணை கட்டினப்போ சாராயத்தை மருந்துன்னு நம்பினோம். அதுக்கு மேல நூறு வருஷம் தாண்டி, மருந்தைச் சாராயத்துக்கு எதிரா ஒளிச்சு வெச்சுக் குடுக்குறோம். ரெண்டு இடத்துலயும் குடிச்சவருக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு யாரும் சொல்லலை. இந்த மாத்திரை வீட்டுக்கு வரட்டும். அவர் கண்ணு முன்னாடி, அவர் கையில, அவருக்குத் தெரிஞ்சு வரட்டும். இதைப் படிச்சதும் உங்க தெருவுல ஒரு அக்கா ஞாபகத்துக்கு வந்தா, அவங்களுக்கு இந்தத் திரெட்டை அனுப்புங்க. படிக்கத் தெரியாதவங்கன்னா பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக் காட்டுங்க.